ஒட்டிலியின் பிஸ்கட்டில் மின்னியது

பட்டாளத்துக்கு அனுப்பிய ஓட்ஸ் பிஸ்கட்டைப் பற்றி எங்கள் நியூசிலாந்துச் சிற்றூரான வைகாராவில் சொல்லப்படுவதில் பாதி பொய். மீதிப் பாதி, பொய் சொன்னவர்களே அதை நம்ப ஆரம்பித்த பிறகு உண்மையாகிவிட்டது.

கோழி வளர்ப்பவர்கள் எல்லோரும் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதால்தான் அதில் முட்டை போடுவதில்லை என்பார்கள். வைகாராவிலிருந்து போன கோழிக்காரர் ஒரே ஒருவர். அவர் கப்பல் ஏறிய பிறகும் அவருடைய கோழிகள் எந்தத் துக்கமும் காட்டாமல் முட்டையிட்டுக்கொண்டுதான் இருந்தன. பிரான்சுக்குக் கப்பலில் மாதக்கணக்கில் போக வேண்டிய பண்டம். முட்டை போட்டால் கெட்டுவிடும். அவ்வளவுதான் ரகசியம். அந்தப் பிஸ்கட்டைத் தின்று எங்கள் பிள்ளைகள் போரை வென்றார்கள் என்பது அடுத்த கதை. செய்ததில் பெரும்பகுதி போர்முனையைப் பார்த்ததே இல்லை. தேவாலயக் கூடத்தில் தேநீரோடு விற்கப்பட்டு, போருக்கு நிதி என்ற பெயரில் எங்கள் வயிற்றுக்குள்தான் போனது. எங்கள் ஊர் அந்தப் போரில் செய்த தியாகங்களில் இது ருசியானது.

ஒட்டிலி ப்ரோக்மனைப் பற்றிச் சொல்ல வந்தேன். அவளைப் பற்றி ஊரில் பொய்கூடச் சொல்வதில்லை. அதுவே சந்தேகமாக இருக்கிறது.

ஒட்டிலி, நெல்சன் நகரத்தை ஒட்டிய ஜெர்மன் குடியிருப்பு ஒன்றில் பிறந்தவள். நியூசிலாந்தைத் தவிர வேறு நாட்டைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். கல்யாணம் செய்துகொண்டது ஹென்னிங்கை. அவன் இரண்டு வயதில் பெற்றோரோடு கப்பலில் வந்தவன். ஜெர்மனியைப் பற்றி அவனிடம் இருந்த ஒரே நினைவு கடலில் வாந்தி எடுத்தது. ஆனால் அவனைக் குடிமகனாகப் பதிவு செய்ய அவன் அப்பா மறந்துவிட்டார். அதனால் 1914 ஆகஸ்டில் ஒருநாள் காலையில், முந்தின நாள் எங்கள் கூரைக்குத் தகரம் அடித்த ஹென்னிங், எதிரி நாட்டான் ஆகிவிட்டான். அந்தக் காலத்தில் எல்லாமே அப்படித்தான் மாறியது. கடையில் இருந்த ஜெர்மன் பிஸ்கட் பெல்ஜியன் பிஸ்கட் ஆனது, செய்முறை மாறவில்லை. ஹென்னிங்குக்கு அந்த மாதிரி ஒரு பெல்ஜியப் பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமைதோறும் அவன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடுவான். அப்படியே கான்ஸ்டபிள் டூமியின் ஒழுகும் கெட்டிலையும் சரிசெய்துவிட்டு வருவான். அவனை ஏன் எதிரி நாட்டாருக்கான துறைமுகத் தீவு முகாமில் கொண்டுபோய் அடைக்கவில்லை என்று கேட்டால், காரணம் மிக எளிது. ஊரில் ஈயப்பற்று வைக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். பிஸ்கட் டப்பாவுக்குள் காற்றுப் புகுந்தால் பிஸ்கட் நமுத்துவிடும். எனவே மூடியைச் சுற்றி ஈயத்தால் பற்றவைத்தாக வேண்டும். ஜெர்மானியரைத் தோற்கடிக்க நாங்கள் அனுப்பிய ஒவ்வொரு டப்பாவையும் ஒரு ஜெர்மன்காரன்தான் மூடி அனுப்பினான்.

அவர்களுடைய மகன் சார்லி ஒட்டாகோ படைப்பிரிவில் பிரான்சில் இருந்தான். பிள்ளையை எடுத்துக்கொள்ளும்போது அரசாங்கம் அப்பா எங்கே பிறந்தார் என்று ரொம்ப நோண்டுவதில்லை.

இப்போது மிஸஸ் கல்பிரேத். வங்கி மேலாளரின் மனைவி, தேசபக்தி மாதர் குழுவின் தலைவி. எதிலும் முதலாவதாக நிற்பவர். கொடியேற்றத்தில் முதல், நிதியில் முதல், பிறரைச் சந்தேகப்படுவதிலும் முதல். அம்மையாரைக் கேலி செய்வது சுலபம், நானும் செய்யத்தான் போகிறேன். ஆனால் அவருடைய ஒரே பிள்ளை ரானல்டும் சார்லியோடு அதே படைப்பிரிவில் இருந்தான் என்பதை நடுநடுவே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால், அது தாண்டிப் போகும்வரை அம்மையார் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதை ஊரே பார்த்திருக்கிறது.

டப்பா கட்டும் நாளில் ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் அவரவர் பிஸ்கட்டோடு கூடத்தில் வரிசையில் நிற்பார்கள். மிஸஸ் கல்பிரேத் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு பிஸ்கட்டை எடுத்து மேஜை விளிம்பில் தட்டுவார். ஓட்டுச் சில்லு மாதிரி 'டக்' என்று கேட்டால் பிரான்சுக்கு. 'தொப்' என்று கேட்டால் தேநீர் மேஜைக்கு. 'தொப்' வாங்கிய பெண் வீட்டுக்குப் போகும்போது பின்வாசல் வழியாகப் போவாள். இன்னொரு வழக்கம், வெண்ணெய்க்கட்டியில் பதிக்கும் மர அச்சைப் பிஸ்கட்டிலும் பதிப்பது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முத்திரை. மிஸஸ் கல்பிரேத்தினுடையது ஸ்காட்லாந்து முட்பூ, இதழ் இதழாக. ஒட்டிலியிடம் அச்சு கிடையாது. முள்கரண்டியால் நாலு கோடு.

1917இன் குளிர்காலம். ஆலங்கட்டியும் மழையும் கலந்து அடித்துக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை. அந்தப் பருவத்தில் எங்கள் ஒரே மளிகைக்கடைக்கு வந்திருந்த சர்க்கரை, உடைத்த கற்கண்டு மாதிரி மொரமொரவென்று இருந்தது. அடுப்பில் எவ்வளவு நேரம் வைத்தாலும் முழுசாகக் கரையாது. ஊரில் எல்லோரும் வாங்கியது அதே மூட்டையிலிருந்துதான். எல்லோருடைய பிஸ்கட்டிலும் அது மின்னியது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உண்மை என்ன என்பது அன்று யாருக்கும் தெரியாத விஷயமே இல்லை. அது யாருக்காவது உபயோகப்படுமா என்பதுதான் தெரியாமல் இருந்தது.

மிஸஸ் கல்பிரேத்தின் டப்பா வழக்கம்போல முதலில் வந்தது. முதலில் பற்றவைக்கப்பட்டது. மற்ற டப்பாக்களைப் போலவே காடாத் துணியில் தைத்து, அடுக்கின் அடியில் வைக்கப்பட்டது. ஒட்டிலி வரிசையில் கடைசி. முன்னால் நின்றால் பின்னால் இருப்பவர்கள் இடைவெளி விடுகிறார்கள் என்று அவளாகவே கடைசிக்குப் போய்விடுவாள். ஹென்னிங் கூடத்தின் பின்தாழ்வாரத்தில் கரியடுப்பில், ஈயம் பற்றவைக்கும் கோலைக் காய்ச்சிக்கொண்டு இருமிக்கொண்டிருந்தான்.

மிஸஸ் கல்பிரேத் ஒட்டிலியின் பிஸ்கட்டைத் தட்டினார். 'டக்.' அன்று அதுவரை கேட்டதிலேயே நல்ல 'டக்.' அதுதான் வினை. அம்மையார் திருப்தியில்லாமல் இன்னொரு தரம், ஓங்கித் தட்டினார். பிஸ்கட் இரண்டாக உடைந்தது. உடைந்த இடம் விளக்கு வெளிச்சத்தில் மினுக்கியது.

"இது என்ன?"

"பிஸ்கட்டு, மிஸஸ் கல்பிரேத்."

"பிஸ்கட்டுன்னு எனக்குத் தெரியுது. உள்ள மினுக்குதே, அது என்ன?"

"சர்க்கரை."

"சர்க்கரை இப்படியா மினுக்கும்?"

ஆர்கன் வாசிக்கும் மிஸ் ரென்விக் எட்டிப் பார்த்தார். அவருக்கு ஒரு காது கேட்காது. ஆனால் வதந்தியை மட்டும் இரண்டு காதாலும் கேட்பார். எங்கோ ஒரு ஊரில் எவனோ ஜாம் பாட்டிலில் கண்ணாடித் தூளைக் கலந்தான் என்று அந்த வாரம்தான் ஒரு பேச்சு உலாவிக்கொண்டிருந்தது.

"கண்ணாடி!" என்றார் மிஸ் ரென்விக். "அம்மாடி, அரைச்ச கண்ணாடி!"

வரிசையில் நின்றவர்கள் ஓரடி பின்னால் போனார்கள். தங்கள் கையிலிருந்த பிஸ்கட்டை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

"உங்க வீட்டுச் சர்க்கரைதான் மிஸ் ரென்விக்" என்றாள் ஒட்டிலி. "அதே கடை, அதே மூட்டை. நீங்களும் நானும் ஒண்ணாத்தானே நின்னு வாங்கினோம்."

"நான் வாங்கினது சர்க்கரை."

"நான்?"

மிஸ் ரென்விக் கேட்காத காதை ஒட்டிலியின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஒட்டிலி உடைந்த துண்டை எடுத்து வாயில் போட்டாள். எல்லோரும் பார்க்க, கடகடவென்று மென்று விழுங்கினாள். அவள் கீழே விழுவாள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள்.

"அவங்களுக்குப் பழக்கிவிட்டிருப்பாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாகச் சொன்னது. "அவங்க ராஜா கெய்ஸருக்காக எதையும் முழுங்குவாங்க."

அந்த நிமிஷத்தில்தான் ஒட்டிலிக்குப் புரிந்தது. தின்னாவிட்டால் குற்றவாளி. தின்றால் வெறிபிடித்த குற்றவாளி. தப்பிக்க வாசலே வைக்காமல் கட்டிய வீடு அது. பின்தாழ்வாரத்தில் ஹென்னிங்கின் இருமல் நின்றுவிட்டிருந்தது. அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஆள் அனுப்பி கான்ஸ்டபிள் டூமியைக் கூட்டி வந்தார்கள். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றார். டூமி ஐரிஷ்காரர். போன வருஷம் டப்ளினில் ஆங்கிலேயருக்கு எதிராக நடந்த கலகத்துக்குப் பிறகு ஊர் அவர் மேலும் ஒரு கண் வைத்திருந்தது. தன் விசுவாசத்தைத் தினமும் நிரூபிக்க வேண்டிய நிலையில் இருந்த ஒருவர், இன்னொருத்தியின் விசுவாசத்தை விசாரிக்க வந்திருந்தார்.

பிஸ்கட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாக்கில வெச்சுப் பாருங்க" என்றாள் ஒட்டிலி.

"வெச்சுப் பாக்கலாம். இது சர்க்கரைன்னு நான் சொன்னா, ஐரிஷ்காரன் ஜெர்மன்காரிக்கு வக்காலத்து வாங்குறான்னு நாளைக்கு ஊர் சொல்லும். சொல்லுமா சொல்லாதா, மிஸஸ் கல்பிரேத்?"

"உங்க கடமையைச் செய்யுங்க, கான்ஸ்டபிள்."

"செய்றேன். டனீடன் டவுனுக்கு அனுப்பிப் பரிசோதனை பண்ணலாம். பதில் வர மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் ஆளை வெளிய விடக் கூடாது." அவர் பின்தாழ்வாரத்துப் பக்கம் பார்க்காமலே சொன்னார். "மூணு மணி ரயில்ல ஏத்தி, தீவுக்கு."

"எம் பிஸ்கட்டு. அவர் ஏன் போகணும்?"

"டப்பாவை மூடுறது அவர்தானே அம்மா. அதோட, நீங்க இங்க பொறந்தவங்க. அவர் இல்ல."

"பதில் சர்க்கரைன்னு வந்தா திருப்பி அனுப்பிருவாங்களா?"

டூமி தொப்பியைக் கழற்றி உதறினார். "பக்கத்து ஊர் பியானோ வாத்தியார் போய் ரெண்டு வருஷமாச்சு. அவர் மேல என்ன குத்தம்னு இப்ப யாருக்கும் ஞாபகமில்ல. அவர் மட்டும் இன்னும் அங்கதான் இருக்கார்."

ஹென்னிங் தாழ்வாரக் கதவில் வந்து நின்றான். அந்த நெஞ்சுச்சளியோடு உப்புக்காற்றில் ஒரு குளிர்காலம் தாங்க மாட்டான். அது ஒட்டிலிக்கும் தெரியும், டூமிக்கும் தெரியும். ஹென்னிங் சண்டை போடவில்லை. "அடுப்பை அணைச்சுரட்டுமா?" என்று மட்டும் கேட்டான்.

"அணைக்காதே" என்றாள் ஒட்டிலி. "அடுப்புகிட்டப் போ. இன்னும் வேலை முடியல."

"முடிஞ்சுது" என்றார் மிஸஸ் கல்பிரேத். "இத்தனை டப்பாவும் இவன் கையால மூடினது. இவ பிஸ்கட்டு மட்டுமில்ல, எல்லாத்துலயும் போட்டிருப்பான். இதைத்தான் எம் புள்ளை திங்கப்போறான். திறங்க! எல்லாத்தையும் திறங்க!"

அது நடிப்பில்லை. அம்மையார் உண்மையிலேயே பயந்திருந்தார். பயந்தவர்களோடு எங்கள் ஊரில் வாதாட முடிந்ததில்லை. வாதாடி முடிப்பதற்குள் மழைக்காலமே போய்விடும்.

"எல்லாத்தையும் திறந்தா ரயிலை விட்டுருவோம்" என்றார் டூமி. "ஒண்ணு திறப்போம். அதுல இருந்தா நான் இவரைக் கூட்டிட்டுப் போறேன். எதைத் திறக்கிறது?"

ஒட்டிலிதான் பேசினாள்.

"நான் காட்டினா தந்திரம்பீங்க. கான்ஸ்டபிள் எடுத்தா கூட்டுச்சதிம்பீங்க. நீங்களே காட்டுங்க, மிஸஸ் கல்பிரேத்."

மிஸஸ் கல்பிரேத் அடுக்கைச் சுற்றி நடந்தார். ஒரே மாதிரி வெள்ளைத் துணி, ஒரே மாதிரி தையல். மேலே இருந்ததைத் தொட்டார், விட்டார். நடுவில் ஒன்றைத் தொட்டார், விட்டார். பிறகு குனிந்தார்.

"இது. அடியில இருக்கிறது. ஒளிக்கிறவன் மேலயா வைப்பான்?"

கதவருகில் நின்ற ஹென்னிங் ஒருமுறை வாயைத் திறந்து மூடினான். ஒட்டிலி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் இன்றுவரை இரண்டு கட்சி இருக்கிறது. நான் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், கேட்டால் மாறிவிடுவேன்.

துணியைக் கிழித்தார்கள். ஹென்னிங் கை படக் கூடாது என்பதால் டூமி தன் பேனாக்கத்தியால் ஈயத்தைக் குடைந்தார். கத்தி முனை ஒடிந்தது. யாரோ கொண்டுவந்த உளியால் குடைந்தார். அடுத்த ஸ்டேஷனிலிருந்து ரயில் ஊதும் சத்தம் மழைக்குள் மெல்லக் கேட்டது. கடைசியில் மூடி விலகியது. ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முத்திரை பதித்த முகத்துக்கு முகம் வைத்து அடுக்கியிருந்தார்கள். மேலே இருந்த பிஸ்கட்டுகள் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன.

டூமி ஒன்றை எடுத்து, அப்படியே உடைத்தார்.

மினுக்கியது. ஒட்டிலியுடையதைவிட அதிகமாகவே மினுக்கியது.

"பாத்தீங்களா!" மிஸஸ் கல்பிரேத் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா! எந்தத் தாயோட புள்ளைக்குப் போயிருக்கும் இது! கூட்டிட்டுப் போங்க அவனை. நான் சாட்சி சொல்றேன். கண்ணாலப் பாத்தேன், கண்ணாடின்னு நான் சொல்றேன்!"

"நானும் சொல்றேன்" என்றார் மிஸ் ரென்விக்.

வரிசை முழுவதும் தலையாட்டியது. ஹென்னிங் தோல் ஏப்ரனை அவிழ்த்து மடித்து, சூடு ஆறாத ஈயக்கோலை அதன் மேல் வைத்தான். டூமி அவன் தோளில் கை வைத்தார். அந்தக் கை கொஞ்சம் கனமாகத்தான் விழுந்தது. சும்மா தொட்டதாக ஊர் நினைத்துவிடக் கூடாதே.

"கான்ஸ்டபிள்" என்றாள் ஒட்டிலி. "கையில இருக்கிறதைத் திருப்புங்க."

டூமி இரண்டு பாதியையும் சேர்த்துத் திருப்பினார்.

இதழ் இதழாக, அழகாக, நட்டநடுவில் பிளந்த ஒரு முட்பூ.

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. எல்லோரும் அந்தப் பூவையே பார்த்தார்கள். டூமி ஹென்னிங்கின் தோளிலிருந்து கையை எடுக்காமலே திரும்பினார்.

"மிஸஸ் கல்பிரேத், நீங்களும் ஒரு கம்பளி எடுத்துக்கிட்டா நல்லது. தீவுல குளிர் ஜாஸ்திம்பாங்க."

"அது... அது சர்க்கரை."

"எது?"

"அதுதான். உங்க கையில இருக்கிறது."

"கண்ணாடின்னு இப்பதான் சாட்சி சொன்னீங்க. ரெண்டு பேர் சொன்னீங்க." அவர் மேஜையிலிருந்த ஒட்டிலியின் பிஸ்கட் துண்டை எடுத்தார். "சரி, இது சர்க்கரை. அப்ப இது?"

மிஸஸ் கல்பிரேத் இரண்டு துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ரயில் இன்னொரு தரம் ஊதியது, இந்த முறை பக்கத்தில். ஒட்டிலி அப்போது நினைத்ததைப் பிறகு சொன்னாள். இந்த அம்மாள் தன் பிஸ்கட்டைச் சர்க்கரை என்றும் என்னுடையதைக் கண்ணாடி என்றும் ஒரே வாயால் சொல்லிவிடலாம், ஊரும் தலையாட்டிவிடும், அதற்கும் இடமிருந்தது என்றாள்.

"அதுவும்" என்றார் மிஸஸ் கல்பிரேத்.

"சத்தமாச் சொல்லுங்க. மிஸ் ரென்விக்குக் காது மந்தம்."

"அதுவும் சர்க்கரைதான்!"

டூமி கையை எடுத்தார். மிஸ் ரென்விக், தான் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் நினைத்ததாகப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

திறந்த டப்பா திறந்தபடி கிடந்தது. ரயில் வரப்போகிறது. பற்றவைக்க ஊரில் ஒரே ஒரு ஆள். மிஸஸ் கல்பிரேத் அவனைப் பார்க்காமல், அவன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு, "மிஸ்டர் ப்ரோக்மன், கொஞ்சம்..." என்றார். ஹென்னிங் ஏப்ரனைக் கட்டிக்கொண்டான்.

"இருங்க" என்றாள் ஒட்டிலி. "என்னோடது இன்னும் தேறல. தட்டினது உடைஞ்சுபோச்சே."

இன்னொரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினாள். மிஸஸ் கல்பிரேத் வாங்கினார். மெதுவாக, முட்டையைத் தட்டுவதுபோலத் தட்டினார்.

'டக்.'

"போகலாம்" என்றார்.

ஒட்டிலியின் டப்பாதான் கடைசி, அதற்கு ஹென்னிங் ஈயத்தை வாரி இறைத்தான். சாதாரணமாகக் கோடு போட்ட மாதிரி நேர்த்தியாகப் பற்றவைப்பவன், அன்று கயிறு தடிமனில் பூசினான். ஸ்டேஷன் வரைக்கும் ஓடிப்போய் ரயிலில் ஏற்றினார்கள்.

மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அதற்கு வேறு முறை உண்டு. அடுத்த வாரம் முழுக்கப் பெண்கள் ஒழுகாத கெட்டில்களை ஹென்னிங்கிடம் சரிசெய்யக் கொண்டுவந்தார்கள். அவனும் ஒழுகாத இடத்தில் ஈயம் வைத்துக் கொடுத்தான். போர் தொடங்கியதிலிருந்து ப்ரோக்மன் வீட்டுச் சன்னலில் விழுந்துகொண்டிருந்த கற்கள் நிற்கவில்லை. ஆனால் கல்லின் அளவு குறைந்தது என்று ஒட்டிலியே ஒப்புக்கொண்டாள்.

போர் முடிந்து அடுத்த ஆண்டு சார்லி ஊர் திரும்பினான். ஒரு கால் விறைத்துப்போயிருந்தது. கிட்பையோடு, துணி கிழிந்து கறுத்துப்போன ஒரு தகர டப்பாவையும் கொண்டுவந்தான். மூடியைச் சுற்றிக் கயிறு தடிமனில் ஈயம் பூசிய, எப்படியோ அவன் படைப்பிரிவுக்கே போய்ச் சேர்ந்த, திறக்கப்படாத டப்பா.

வரவேற்புத் தேநீர் அதே கூடத்தில். மேஜை மேல் டப்பாவை வைத்துவிட்டு அவன் அப்பாவைப் பார்த்துக் கத்தினான். "நீ எதுக்குப்பா இவ்வளவு ஈயம் போட்ட? கத்தி போச்சு, உளி போச்சு, துப்பாக்கி ஈட்டி ஒண்ணு வளைஞ்சே போச்சு. படைப்பிரிவே முயற்சி பண்ணிச்சு, யாராலயும் முடியல."

"அன்னிக்குக் கை நடுங்குச்சுடா" என்றான் ஹென்னிங்.

"அப்புறம் என்னடா பண்ணினீங்க?" என்று ஒட்டிலி கேட்டாள்.

"உக்காந்தோம். பதுங்குகுழில எங்க பாத்தாலும் தண்ணி. அது ஒண்ணுதான் நனையாத இடம். நானும் ரானல்டும் மாத்தி மாத்தி..."

நிறுத்திக்கொண்டான். கூடத்தின் மூலையில் மிஸஸ் கல்பிரேத் கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்தார். ரானல்டின் பெயர் பொறித்த கல் அந்த மாதம்தான் வெளிச்சுவரில் பதிக்கப்பட்டிருந்தது. எதிலும் முதல் வரிசையில் உட்காரும் அம்மையார், வெகுநாளுக்கு முன்பே கடைசி வரிசைக்கு வந்துவிட்டிருந்தார்.

ஹென்னிங் கரியடுப்பைக் கொண்டுவந்து ஈயத்தை உருக்கினான். மூடி கழன்றது. ஒட்டிலி ஒரு பிஸ்கட்டை எடுத்து மேஜை விளிம்பில் தட்டினாள். 'டக்.' யாரோ சிரித்தார்கள். அவள் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு நேரே கடைசி வரிசைக்குப் போனாள்.

மிஸஸ் கல்பிரேத் ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகும் உள்ளே மினுக்கியது.

"பாத்துக் கடிங்க" என்றாள் ஒட்டிலி.

"ரானல்டு இது மேல உக்காந்தானா?"

"மழையில நனையாம உக்காந்தானாம்."

மிஸஸ் கல்பிரேத் ஒரு பாதியை வாயில் வைத்துக் கடித்தார். அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது, மிஸ் ரென்விக்குக்கும்கூட. மற்றப் பாதியை ஒட்டிலியிடம் நீட்டினார். ஒட்டிலி அதை வாங்கித் தின்றாள். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண், இடைவெளி விடுவதற்காக அல்ல, இடம் விடுவதற்காகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.